திரித்துவமும் திரியேகமும்: தமிழ் லுத்தரன் மக்களின் அன்றாட வழிபாட்டு மொழி

1. முன்னுரை

கடவுள் ஒருவரே, அவ்வொருவரே பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவராய் விளங்குகிறார் என்பது கிறித்தவ சமயத்தின் அடிப்படைக் கோட்பாடு. கி.பி. 200ஐ ஒட்டிய காலத்தில் வட ஆப்பிரிக்கரான தெர்த்துல்லியன் இதற்கு 'திரினித்தாஸ்' என்னும் இலத்தீன் சொல்லை வழங்கினார். 325இல் நிசேயாவிலும் 381இல் கான்ஸ்டாண்டிநோபிளிலும் கூடிய சங்கங்கள் இதனை அறுதியிட்டு உரைத்தன. தமிழில் இக்கோட்பாடு திரித்துவம், திரியேகம், மூவொருமை எனப் பல பெயர்களால் வழங்குகிறது.

இறையியல் நூல்கள் இதனைக் கற்றோரும் கண்டு தெளிய இயலாத மறைபொருள் என்று கூறும். ஆயினும் எழுத்தறியா மக்களே இதனை நாள்தோறும் வாயாற் சொல்லி வந்துள்ளனர். குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கையிலும், மணம் முடிக்கையிலும், இறந்தோரை அடக்கம் செய்கையிலும், இரவில் பாயிற் படுக்குமுன்னும் அவர்கள் அம்மூன்று பெயர்களையும் சொல்லினர். அறிஞர்க்கு அரியதான ஒன்று எளியோர்க்கு அன்றாட வழக்காயிற்று. இஃது எவ்வாறு நிகழ்ந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

தமிழ் பேசும் லுத்தரன் மக்களிடையே இக்கோட்பாடு தத்துவ விளக்கத்தின் வாயிலாக நிலைபெறவில்லை. மனப்பாடம், நாட்காட்டி, பாட்டு, இலக்கண முடிபு ஆகிய நான்கின் வாயிலாகவே அது நிலைபெற்றது. எனவே வழிபாட்டு மொழியில் ஒரு சொல்லை மாற்றுவது அம்மக்களின் நம்பிக்கை தங்கியிருக்கும் இடத்தையே தொடுவதாகும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

2. ஆய்வின் எல்லை: தரங்கம்பாடியும் விழிஞ்ஞமும்

தமிழ் லுத்தரன் மரபின் தோற்றுவாய் தரங்கம்பாடி. அதன் தென்மேற்கு எல்லை, நாகர்கோவில் தொடங்கித் திருவனந்தபுரம் வரை பரந்த பழைய தென் திருவிதாங்கூர்ப் பகுதி. அவ்வெல்லைப் பகுதியின் கடல்வாயில் விழிஞ்ஞம். இக்கட்டுரை கிழக்குக் கரையில் தொடங்கிய மரபை மேற்குக் கரையின் மொழி எல்லையோடு ஒப்பிட்டு நோக்குகிறது.

விழிஞ்ஞம் தமிழ் வரலாற்றுக்குப் புதிய பெயரன்று. ஆய் மன்னர்களோடு தொடர்புடைய இத்துறைமுகத்தின் கோட்டையைப் பாண்டியன் நெடுஞ்சடையன் அழித்த செய்தியைச் சீவரமங்கலச் செப்பேடு கூறுகிறது. சோழர் காலத்தில் இவ்வூர் இராசேந்திரசோழப் பட்டினம் என்னும் பெயரையும் பெற்றிருந்தது. இங்குள்ள குடைவரைக் கோயில் பழமையானது. கடலோரத்தில் கத்தோலிக்க மீனவரும் இசுலாமிய மீனவரும் அருகருகே வாழ்கின்றனர். ஓரிறைக் கொள்கையைச் சிறிதும் நெகிழ்த்தாத இசுலாமியரின் பக்கத்தில் வாழும் கிறித்தவர்க்கு, 'மூவர் எனின் ஒருவர் எவ்வாறு?' என்பது அண்டை வீட்டிலிருந்தே எழக்கூடிய வினாவாகும்.

லுத்தரன் சமயம் இப்பகுதிக்குக் காலத்தால் பிந்தியே வந்தது. கடற்கரை கத்தோலிக்கர் வசமும், உட்பகுதி பெரும்பாலும் இலண்டன் மிஷன் வசமும் இருந்த நிலையில், மிசௌரி லுத்தரன் மிஷன் 1907இல் நாகர்கோவிலில் பணி தொடங்கியது. இம்மிஷன் 1895இல் கிருஷ்ணகிரிப் பகுதியில் தன் இந்தியப் பணியைத் தொடங்கியிருந்தது. நாகர்கோவிலிலிருந்து அது திருவனந்தபுரம் பகுதிக்கும் பரவியது. 1924இல் நாகர்கோவிலில் கன்கார்டியா இறையியல் கல்லூரி நிறுவப்பெற்றது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலப் பிரிவினையால் கன்னியாகுமரி தமிழகத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. இவ்வாறு ஒரே மிஷனின் சபைகள் இரு மாநிலங்களிலும் இரு மொழிகளிலுமாக அமைந்தன. ஒரே ஞானோபதேசத்தை இவர்கள் தமிழிலும் மலையாளத்திலும் கற்றனர். ஒரு கோட்பாடு மொழியின் அமைப்பால் எவ்வாறு வேறுபட்டு ஒலிக்கிறது என்பதை அறிய இவ்வெல்லைப்பகுதி ஏற்ற களமாகும்.

3. கடற்கரையின் முதற்சொற்கள்

லுத்தரன் குருமார் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே இக்கோட்பாடு தமிழ் ஒலி பெற்றுவிட்டது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், தமிழறிந்தோர் துணைகொண்டு சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம் முதலியவற்றைத் தமிழாக்கினார். ஊரில் மணியடித்து மக்களைக் கூட்டி, மூவராயினும் ஒரே கடவுள் என்னும் அறிக்கையையே முதலிற் சொல்லச் செய்ததாக அவர் தம் கடிதத்தில் எழுதியுள்ளார். 1544இன் இறுதியில் அவர் திருவிதாங்கூர்க் கரையின் மீனவரிடையேயும் பணியாற்றினார்.

அத்தமிழாக்கத்தில் ஒரு பிழை இருந்தது. 'நம்புகிறேன்' என்னும் பொருள்பட வேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று அமைந்துவிட்டது. சவேரியார் இதனை உணர்ந்து, அச்சொல் விருப்பத்தைக் குறிப்பது. விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லையே ஆளவேண்டும் என்று 1544இல் தம் உடனுழைப்பாளர் மன்சிலாசுக்கு எழுதினார். வேண்டுதலுக்கும் நம்புதலுக்கும் இடையிலான தொலைவு ஒரு சொல்லில் அடங்கியிருந்ததை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

அவர்க்குப்பின் அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சேறி இன்று கிடைக்கும் நூல்களுள் முதலாவதாகும். விழிஞ்ஞத்திற்கு வடக்கே அதே கரையில் உள்ளது கொல்லம். கடவுளைத் 'தம்பிரான்' என்றது அந்நூல். மூன்றாமவரைக் குறிக்கக் கத்தோலிக்க வழக்கில் 'இஸ்பிரீத்து சாந்து' என்னும் போர்த்துக்கீசியச் சொல்லே நெடுங்காலம் நின்றது. பிதா, சுதன் ஆகிய இரண்டும் தமிழ் வழக்கில் இடம்பெற்ற வடசொற்களாக அமைய, மூன்றாவது சொல் மட்டும் கடல்கடந்த ஒலியோடே நின்றது. ஏற்ற சொல் காண்பதிலிருந்த இடர்ப்பாடு இதனால் விளங்கும்.

4. தரங்கம்பாடியின் ஞானோபதேசம்

1706 ஜூலை 9ஆம் நாள் பர்த்தலோமேயு சீகன்பால்குவும் என்றி புளுச்சாவும் டேனிய வணிகக் குடியேற்றமாகிய தரங்கம்பாடியில் வந்திறங்கினர். சீகன்பால்கு திண்ணைப்பள்ளிச் சிறாரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். அவர் தொடக்கத்திலேயே தமிழாக்கிய நூல்களுள் ஒன்று மார்ட்டின் லூத்தரின் சிறிய ஞானோபதேசம். புதிய ஏற்பாடு 1714-1715இல் அச்சேறுமுன்னரே இஃது ஓலையில் வழங்கியது. எனவே தமிழ் லுத்தரன் மக்கள் வேதாகமத்தை முழுமையாகப் பெறுமுன்னரே ஞானோபதேசத்தைப் பெற்றனர்.

சிறிய ஞானோபதேசம் 1529இல் வெளிவந்தது. சாக்சனி நாட்டு ஊர்ச் சபைகளைப் பார்வையிட்ட லூத்தர், மக்களும் குருமாரிற் பலரும் சமய அடிப்படைகளை அறியாதிருந்ததைக் கண்டு இதனை எழுதினார். வீட்டுத் தலைவன் தன் வீட்டார்க்கு எளிமையாகக் கற்பிக்கவேண்டும் என்பதே இதன் நோக்கம். இந்நூலில் அவர் செய்த ஒரு மாற்றம் நம் பொருளுக்கு இன்றியமையாதது. அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தைப் பன்னிரு பகுதிகளாகப் பிரித்து, பன்னிரு திருத்தூதரும் ஆளுக்கொரு பகுதி உரைத்ததாகக் கூறுவது இடைக்கால மரபு. லூத்தர் அதனை விடுத்து, பிரமாணத்தை மூன்றே பகுதிகளாக்கினார். முதற்பகுதி படைப்பு, அது பிதாவுக்குரியது. இரண்டாம் பகுதி மீட்பு, அது குமாரனுக்குரியது. மூன்றாம் பகுதி தூய்மையாக்குதல். அது பரிசுத்த ஆவிக்குரியது.

இப்பகுப்பின் பயன் பெரிது. ஒவ்வொரு பகுதியின் பின்னும் 'இதன் பொருள் யாது?' என்ற வினா எழும். அதற்கான விடை தன்மை ஒருமையில் அமையும்: என்னைப் படைத்தார், என்னை மீட்டார், என்னை அழைத்தார் என்பதாக அது செல்லும். முதற்பகுதியின் விளக்கம் உடல், உயிர், கண், காது, உடை, உணவு, வீடு, நிலம், கால்நடை என எண்ணிக் கூறுகிறது. உழவனும் நெசவாளியும் தம் கைக்கெட்டிய பொருள்களையே அதிற் கேட்டனர். இவ்விளக்கங்களில் திரித்துவம் என்னும் சொல் வருவதில்லை. மூவரின் செயலைச் சொல்லி முடிக்கும்போது கோட்பாடு தானே சொல்லப்பட்டுவிடுகிறது. அதற்கான ஜெர்மானியச் சொல் நல்ல சொல்லன்று என்று லூத்தரே தம் பிரசங்கத்தில் குறைகூறியுள்ளார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

வினாவும் விடையுமாகக் கற்பிக்கும் இம்முறை தமிழகத் திண்ணைப்பள்ளியின் மனப்பாட மரபோடு எளிதில் இணைந்தது. நிகண்டும் நீதிநூலும் நெட்டுருச் செய்து பழகிய நாட்டில், ஞானோபதேசத்தை நெட்டுருச் செய்வது புதிய சுமையாகத் தோன்றியிராது. அதனை ஊர்தோறும் கொண்டு சென்றவர்கள் உபதேசிமார். அவர்களுள் ஒருவரான ஆரோன் 1733இல் குருப்பட்டம் பெற்று, தமிழ் லுத்தரன் குருமாருள் முதல்வரானார். ஐரோப்பியர் ஒருசிலராகவும் உபதேசிமார் பலராகவும் இருந்தமையால், கோட்பாடு மக்கள் செவியில் விழுந்தது பெரும்பாலும் தமிழர் வாயிலிருந்தே எனலாம்.

லுத்தரன்களுக்கும் கத்தோலிக்கர்க்கும் அக்காலத்தில் கடும் பூசல் நிகழ்ந்தது. வீரமாமுனிவர் லுத்தரன்களை மறுத்து 'வேதவிளக்கம்', 'லுத்தேரினத்தியல்பு' ஆகியவற்றை எழுதினார். ஆயினும் அப்பூசல் திரித்துவத்தைப் பற்றியதன்று. லுத்தரன்களின் 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கையின் முதற்பிரிவு இக்கோட்பாட்டையே கூறுகிறது. அப்பிரிவைக் கத்தோலிக்கத் தரப்பும் ஏற்றுக்கொண்டது. எனவே இப்பொருள் குறித்த சொற்கள் ஒரு தரப்பிலிருந்து மறுதரப்புக்குத் தடையின்றிச் செல்ல முடிந்தது. சீகன்பால்கு கடவுளைக் குறிக்க ஆண்ட 'சருவேசுரன்' கத்தோலிக்க வழக்கிலிருந்து பெற்ற சொல்லேயாம்.

5. பெயர்கள்: மும்மூர்த்தி, திரித்துவம், திரியேகம்

சீகன்பால்கு 1713இல் எழுதி முடித்த 'தென்னிந்தியத் தெய்வங்களின் வமிசாவளி' 1867இல்தான் அச்சாயிற்று. அந்நூல் முதலில் பராபரவஸ்துவையும், அடுத்து மும்மூர்த்திகளையும், பின்னர் கிராமதேவதைகளையும், இறுதியில் தேவர்களையும் வரிசைப்படுத்துகிறது. அனைத்துக்கும் மேலான ஒரு பொருளும் அதன்கீழ்த் தொழில்பகுத்த மூவரும் என்னும் அமைப்பு தமிழ் மக்களுக்கு முன்னரே தெரிந்திருந்தது என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

இவ்வறிவு உதவியாகவும் இடையூறாகவும் இருந்தது. மூன்று என்ற எண் செவிக்குப் பழகியது. ஆனால் பொருள் வேறு. மும்மூர்த்தி அமைப்பில் படைத்தலும் காத்தலும் அழித்தலும் மூவர்க்குப் பங்கிடப்பட்டுள்ளன. கிறித்தவக் கோட்பாட்டின்படி மூவர்க்கும் உரிய கடவுள்தன்மை ஒன்றே. மூவர்க்கும் அப்பால் நான்காவதாக ஒரு பரம்பொருள் இல்லை. சைவ சித்தாந்தத்தின் பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளும் எண்ணால் ஒப்புமையுடையதேயன்றிப் பொருளால் இதனோடு ஒவ்வாது.

இந்நிலையில் இரு சொற்கள் தமிழ்க் கிறித்தவ வழக்கில் நிலைபெற்றன. ஒன்று 'திரித்துவம்'. இதன் நேர்ப்பொருள் மூன்றாந்தன்மை என்பதேயாம். ஒருமையை அச்சொல் உணர்த்துவதில்லை. மற்றொன்று 'திரியேகம்'. திரி, ஏகம் ஆகிய இரண்டும் இணைந்து மூன்றையும் ஒன்றையும் ஒரே மூச்சிற் சொல்லும் சொல் இது. ஆய்வுநூல்களும் நாட்காட்டியும் முன்னதை ஆளுகின்றன. செபத்திலும் கீர்த்தனையிலும் 'திரியேக தேவன்', 'திரியேகர்' எனப் பின்னதே மிகுதியும் வழங்குகிறது. மலையாளத்திலும் இவ்விரு சொற்களும் சிறு ஒலிவேறுபாட்டோடு அவ்வாறே உள்ளன. விழிஞ்ஞத்தை அடுத்த எல்லையில் தமிழ்ச் சபையினரும் மலையாளச் சபையினரும் மொழிபெயர்ப்பின்றியே ஒருவர்க்கொருவர் விளங்கிக்கொள்ளும் சமயச் சொற்களுள் இவையும் அடங்கும்.

தத்துவ வழியில் இக்கோட்பாட்டை இந்தியச் சொல்லால் விளக்கும் முயற்சிகளும் உண்டு. வங்கத்தவரான பிரம்மபாந்தவ் உபாத்யாயர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சத்து, சித்து, ஆனந்தம் என்னும் மூன்றையும் பிதா, குமாரன், ஆவி என்போர்க்குப் பொருத்தினார். 1950இல் குளித்தலை அருகே காவிரிக்கரையில் தோன்றிய சச்சிதானந்த ஆசிரமம் அப்பெயரையே ஏற்றது. இம்முயற்சிகள் கற்றோரிடையே பெருமதிப்புப் பெற்றன. ஊர்ச் சபையின் வாய்மொழியில் இச்சொல்லாட்சி அவ்வளவாக வேரூன்றவில்லை. சச்சிதானந்தம் என்பது கருத்தை உணர்த்தும் சொல். பிதா, குமாரன் என்பன உறவை உணர்த்தும் பெயர்கள். அன்றாட வழிபாட்டில் மக்கள் விளிப்பதற்கு உறவுப்பெயரே உதவிற்று என்பது இவ்வேறுபாட்டிலிருந்து புலனாகும்.

6. இலக்கணம் எழுப்பிய வினாக்கள்

6.1 ஆவியின் திணை

ஆவி என்னும் சொல் தமிழில் மூச்சு, உயிர், நீராவி ஆகியவற்றைக் குறிக்கும், பேயையும் குறிக்கும். இலக்கணத்தில் அஃது அஃறிணை; 'வந்தது' என்றே முடிபு கொள்ளும். கிரேக்க மொழியில் இதற்கான சொல்லும் அலிப்பாலே. எபிரேயத்தில் பெரும்பாலும் பெண்பால். இலத்தீனிலும் ஜெர்மானியத்திலும் ஆண்பால். ஜெர்மானியக் குருமார் தம் மொழியில் உணராத இடர்ப்பாடு தமிழில் எழுந்தது. மூன்றாமவரை அஃறிணையாற் சொன்னால் பிதாவும் குமாரனும் 'வந்தார்' என, ஆவி மட்டும் 'வந்தது' என ஆகும். கோட்பாடு சமன் என்று கூறும் மூவரை வினைமுற்று வேறுபடுத்திவிடும்.

தமிழ் கண்ட தீர்வு 'ஆவியானவர்' என்பது. ஆனவர் என்னும் வினையாலணையும் பெயர் அஃறிணைச் சொல்லை உயர்திணைக்கு உயர்த்துகிறது. 1871ஆம் ஆண்டு ஐக்கிய மொழிபெயர்ப்பில் ஆவி செய்பவராக வரும் இடங்களில் பெரும்பாலும் 'ஆவியானவர்' என்றும், கருவிப்பொருளில் 'ஆவியினாலே' என்றும் வருவது நோக்கத்தக்கது. ஒரே நூலில் இருவகை ஆட்சியும் இடத்திற்கேற்ப அமைந்துள்ளது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'தூய ஆவியார்' என ஆர் விகுதி சேர்த்து இதே தேவையை நிறைவு செய்தது.

இவ்விடர்ப்பாடு தமிழ் இலக்கணத்திற்குப் புதியதன்று. உயர்திணைப் பொருளைக் குறித்தும் பால் பிரிந்து ஒலிக்காமல் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் தொகுத்துள்ளார். உயிர், பால்வரை தெய்வம், சொல் ஆகியன அப்பட்டியலில் உள்ளன. உயிர் என்பதோடு ஆவியும், சொல் என்பதோடு யோவான் நற்செய்தியின் 'வார்த்தை'யும் ஒப்பிடத்தக்கன. ஐக்கிய மொழிபெயர்ப்பு அவ்வார்த்தைக்கு ஒன்றன்பால் முடிபையே கொடுத்துள்ளது. பொருள் கடவுளாக இருப்பினும் சொல்லின் முடிபு அஃறிணையாகலாம் என்னும் இடம் தமிழ் மரபில் முன்னரே இருந்தது.

மலையாளத்தில் நிலைமை வேறு. அம்மொழியின் வினைமுற்று திணை, பால், எண் விகுதிகளை இழந்துவிட்டது. அவன், அவள், அது ஆகிய எல்லாவற்றிற்கும் ஒரே வடிவமே. 'பரிசுத்தாத்மாவு' என்ற சொல்லோடு வினை சேரும்போது அங்கு வினைமுற்றில் எவ்வேறுபாடும் தோன்றாது. சுட்டுப்பெயரில் மட்டுமே தோன்றும். எனவே விழிஞ்ஞம் பகுதியில் மலையாளத்தில் செபிக்கும் ஒருவர் இவ்வினாவைச் சந்திக்காமலேயே ஒரு வாக்கியத்தை முடித்துவிடலாம். களியக்காவிளைக்குக் கிழக்கே தமிழில் செபிப்பவர் ஒவ்வொரு வாக்கிய இறுதியிலும் 'அது' என்பதா, 'அவர்' என்பதா என்று முடிவு செய்தாகவேண்டும். தம்மையறியாமலேயே அவர் நாள்தோறும் ஓர் இறையியல் முடிவை எடுக்கிறார்.

6.2 மூன்றும் மூவரும்

எண்ணுப்பெயரிலும் தமிழ் திணை காட்டும். மூன்று என்பது அஃறிணை. மூவர் என்பது உயர்திணை. இலத்தீன் 'பெர்சோனா' என்பதற்குத் தமிழில் 'ஆள்' என்னும் சொல் வழங்கியது. 'மூன்று ஆட்கள்' எனும்போது தெருவில் நிற்கும் மூவர் நினைவுக்கு வருவது இயல்பு. அதனைத் தவிர்க்கவே 'ஆள்தத்துவம்' போன்ற பிற்காலச் சொற்கள் தோன்றின எனலாம். அவை வகுப்பறையைத் தாண்டி மிகுதியாகச் செல்லவில்லை. மக்கள் 'மூவர்' என்றும் 'ஒருவர்' என்றும் சொல்லி அமைந்தனர்.

உயர்வுப் பன்மையையும் இங்குக் கருதவேண்டும். ஒருவரையே 'அவர்' என்பதும் 'நீர்', 'தேவரீர்' என்பதும் தமிழ் வழக்கு. பன்மை வடிவம் ஒருவரைச் சுட்டுவதில் தமிழர்க்கு வியப்பில்லை. இதனைத் திரித்துவத்திற்குச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது. மன்னனுக்கும் ஆசிரியர்க்கும் இவ்வழக்கு உண்டு. ஆயினும் 'மூவர் வந்தார்', 'அவர் வந்தார்' ஆகிய இரண்டும் ஒரே வினைமுற்றால் முடியும் மொழியில், இக்கோட்பாட்டைச் சொல்லும் வாக்கியங்கள் செவியில் உறுத்தாமல் ஒலித்தன என்ற அளவில் கொள்ளலாம்.

6.3 ஒரு நாமம்

திருமுழுக்கு வாய்பாட்டில் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்னும் மூன்று பெயர்களும் உம்மையின்றி அடுக்கி நிற்கின்றன. இறுதிப் பெயர் மட்டுமே வேற்றுமை உருபு ஏற்று 'நாமம்' என்னும் ஒருமைச் சொல்லைத் தழுவுகிறது. உம்மையின்றி எண்ணுவதைச் செவ்வெண் என்பர் இலக்கண நூலார். பெயர்ச் செவ்வெண் தொகை பெறவேண்டும் என்பது நன்னூல் விதி. சாத்தன், கொற்றன், பூதன் மூவரும் வந்தனர் என்றாற்போல. திருமுழுக்கு வாய்பாட்டில் 'மூவர்' என்னும் தொகை வருவதில்லை. செவி மூன்று என்ற எண்ணை எதிர்நோக்கும் இடத்தில் ஒற்றை நாமம் நிற்கிறது. மூல மொழியிலும் நாமம் ஒருமையே. தமிழில் அடுக்கின் அமைப்பால் அவ்வொருமை மேலும் விளங்கித் தோன்றுகிறது. உடையவும் உடையவும் என ஒவ்வொரு பெயரோடும் உருபும் உம்மையும் சேர்த்துச் சொன்ன பழைய கத்தோலிக்க வடிவம் மூவரையும் தனித்தனியே நிறுத்தியது. பின்னைய வடிவம் மூவரையும் ஓருருபின்கீழ்க் கொண்டுவந்தது.

7. நாளும் ஆண்டும்

சிறிய ஞானோபதேசம் காலைக்கும் இரவுக்கும் செபங்கள் வகுத்துள்ளது. எழுந்தவுடன் சிலுவை அடையாளமிட்டு மூவர் பெயரையும் சொல்லவேண்டும். பிறகு விசுவாசப் பிரமாணமும் கர்த்தருடைய செபமும் சொல்லி, மகிழ்ச்சியோடு வேலைக்குச் செல்லவேண்டும். இரவிலும் அவ்வாறே, முடிந்தபின் கவலையின்றி உறங்கவேண்டும். சிலுவை அடையாளம் தமிழ்ப் புரோட்டஸ்டண்டு மக்களிடையே பெரும்பாலும் வழக்கொழிந்தது, பெயர்கள் நின்றன. ஒரு நாளின் இரு எல்லைகளிலும் இப்பெயர்கள் காவல்போல் நிற்கின்றன.

ஞாயிறு வழிபாடும் அவ்வாறே மூவர் பெயரால் தொடங்குகிறது. முடிவில் லூத்தர் ஏற்படுத்திய முறைப்படி, ஆரோன் கூறவேண்டியதாக எண்ணாகமத்தில் வரும் மும்மடி ஆசீர்வாதம் சொல்லப்படும். பழைய ஏற்பாட்டில் அங்கு மூவரைப் பற்றிய பேச்சில்லை. எனினும் மூன்று முறை கர்த்தர் எனக் கேட்கும் செவி, ஞானோபதேசத்திற் பழகியதால் அதனை மூவர்க்கும் உரியதாக உணர்கிறது.

ஆண்டின் அமைப்பு இன்னும் குறிப்பிடத்தக்கது. பெந்தெகொஸ்தேக்கு அடுத்த ஞாயிறு திரித்துவ ஞாயிறு. 1334இல் போப்பு 22ஆம் யோவான் இதனை மேலைத் திருச்சபை முழுமைக்கும் உரியதாக்கினார். உரோமை வழிபாட்டு முறை இதனை அடுத்து வரும் ஞாயிறுகளைப் பெந்தெகொஸ்தேயிலிருந்து எண்ணியது. லுத்தரன் மரபு திரித்துவ ஞாயிற்றிலிருந்து எண்ணியது. 'திரித்துவத்திற்குப் பின்வரும் 5ஆம் ஞாயிறு' என்றாற்போல அது 27 வரை செல்லும். ஆண்டில் ஏறத்தாழப் பாதி இக்கோட்பாட்டின் பெயராலேயே அழைக்கப்பட்டது. இவ்வெண் முறை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகின் பல லுத்தரன் சபைகளில் மாறியது.

திரித்துவ ஞாயிறு மே 17க்கும் ஜூன் 20க்கும் இடையே வரும். தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையைத் தொடுவதும் இக்காலத்தில்தான். விழிஞ்ஞம் கரையில் அது கடல் கொந்தளிக்கும் பருவம். உட்பகுதியில் விதைப்புப் பருவம். கிறிஸ்துமசு, உயிர்த்தெழுதல் ஆகிய பெருவிழாக்கள் கழிந்து, விழாவற்ற உழைப்புக் காலத்தின் தலைவாயிலில் இந்நாள் நிற்கிறது. விழா நாள்களில் கதை சொல்லப்படும். திரித்துவ ஞாயிற்றுக்குச் சொல்லத் தனிக்கதை இல்லை. வேலை நாள்களுக்குப் பெயர் கொடுப்பதே அதன் பணியாயிற்று.

பாட்டின் பங்கும் பெரிது. லூத்தர் 1524இல் விசுவாசப் பிரமாணத்தையே மூன்று சரணங்களில் பாட்டாக்கினார். சரணம் ஒருவர்க்கு ஒன்று. ஜெர்மானியப் பாட்டுகளைத் தமிழாக்கிய ஞானப்பாட்டு மரபில் பெப்ரீசியஸ் 1774இல் வெளியிட்ட தொகுப்பு நெடுங்காலம் நின்றது. இப்பாட்டுகளுட் பல மூவர்க்கும் துதி கூறி முடியும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) இப்பொருளைக் கருநாடக இசை மரபுக்குக் கொண்டுவந்தார். பல்லவியும் சரணமும் அறிந்த செவிக்கு ஏற்ப அவர் இயற்றிய கீர்த்தனைகள் சபை எல்லைகளைக் கடந்து பரவின. படிக்க இயலாதவர்க்கும் பாட இயன்றது.

8. சொல் மாற்றமும் மக்கள் நினைவும்

மூவரின் பெயர்கள் தமிழில் ஒரே நிலையில் நின்றதில்லை. கடவுளைக் குறிக்கச் சீகன்பால்கு 'சருவேசுரன்' என்றார். 1772இல் புதிய ஏற்பாட்டை வெளியிட்ட பெப்ரீசியஸ் 'பராபரன்' என்றார். ஐக்கிய மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. 20ஆம் நூற்றாண்டின் திருத்தங்கள் 'கடவுள்' என்றன. இரண்டாமவர் சுதன், குமாரன், மகன் என மாறினார். இவற்றுள் குமாரன் என்பது முருகனுக்கும் வழங்கும் பெயர். மகன் என்பது வீட்டு வழக்கு. முதலாமவர் பிதாவிலிருந்து தந்தையானார். 'பரிசுத்த' என்பது 'தூய' என்றாயிற்று. திரித்துவத்திற்கு 'மூவொரு கடவுள்' என்னும் ஆட்சியும் வந்தது. இத்தொடர் திரியேகத்தின் இரு கூறுகளையும் தூய தமிழில் தருவதாகும்.

ஒவ்வொரு மாற்றத்திற்கும் காரணம் இருந்தது. வழக்கொழிந்த சொல்லை நீக்கல், பிற சமயப் பொருளைத் தவிர்த்தல், தனித்தமிழ் உணர்வு, சபைகளின் ஒற்றுமை ஆகியன அவற்றுட் சில. அவற்றைக் குறைகூற இயலாது. ஆயினும் எதிர்ப்பும் எழுந்தது. வேதநாயக சாஸ்திரியார் தம் காலத்துப் புதிய மொழிபெயர்ப்புத் திருத்தங்களை வன்மையாக மறுத்தார். ஐக்கிய மொழிபெயர்ப்பு வந்தபின்னும் லுத்தரன் சபைகள் பெப்ரீசியசின் மொழிபெயர்ப்பையே நெடுங்காலம் போற்றின. 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அமைந்தபோதும் அப்பற்று அறவே நீங்கவில்லை.

இவ்வெதிர்ப்பைப் பழமைப்பற்று என்று ஒதுக்கிவிடுதல் எளிது. மேலே கூறியவற்றை நோக்கின் வேறொரு காரணம் தெரியவரும். கோட்பாட்டை விளக்கத்தால் கற்றவர் சொல்லை மாற்றினாலும் பொருளைத் தக்கவைத்துக்கொள்வர். மனப்பாடத்தால் கற்றவர்க்குச் சொல்லே பொருளின் கொள்கலம். தாய் சொல்லிக்கொடுத்து, குழந்தைக்குச் சொல்லி, இறந்த கணவரின் குழிமேட்டிலும் சொன்ன பெயரை முதுமையில் மாற்றிச் சொல்லுமாறு கேட்டால், ஒரு பெண்ணுக்கு அது சொல் மாற்றமாக மட்டும் தோன்றாது. மொழிபெயர்ப்பாளர் எடைபோடவேண்டிய செலவுகளுள் இதுவும் ஒன்று.

மறுபுறம், பழைய சொல்லைப் பொருளறியாமல் சொல்லும் நிலையும் வளர்ந்துள்ளது. பராபரன் என்பதும் சுதன் என்பதும் இன்றைய இளைஞர்க்கு அகராதிச் சொற்கள். லூத்தர் 'இதன் பொருள் யாது?' என்று கேட்டது இந்நிலையைத் தவிர்ப்பதற்கே. அவர் வகுத்த முறையில் மனப்பாடம் முதற்படி. வினா இரண்டாம் படி. வினா நின்றுபோன இடத்தில் மனப்பாடம் வெற்றொலியாகும்.

9. முடிவுரை

தமிழ் லுத்தரன் மக்களின் அன்றாட வாழ்வில் திரித்துவக் கோட்பாடு பெற்ற இடத்தைப் பின்வருமாறு தொகுத்துரைக்கலாம்.

முதலாவதாக, லூத்தர் விசுவாசப் பிரமாணத்தை மூன்றாகப் பகுத்ததும், அதனைச் சீகன்பால்கு தொடக்கத்திலேயே தமிழாக்கியதும் கோட்பாட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தன. மூவர் என்பது விளக்கப்படும் பொருளாக வராமல், நன்றி கூறப்படும் மூன்று செயல்களாக வந்தது.

இரண்டாவதாக, தமிழின் திணையும் எண்ணும் இக்கோட்பாட்டுக்குச் சிக்கலையும் தந்தன, தீர்வையும் தந்தன. ஆவியானவர், திரியேகர் ஆகிய சொற்கள் அத்தீர்வுகள். எல்லைக்கு அப்பால் மலையாளத்தில் வினைமுற்று இச்சிக்கலை எழுப்பாமையால், அம்மொழியின் செபம் இவ்விடத்தில் வேறு வகையாக ஒலிக்கிறது. தென் திருவிதாங்கூர்ச் சபைகளின் இருமொழி ஞானோபதேசப் படிகளை ஒப்பிட்டு ஆராய்வது மொழியியலார்க்கும் சமய வரலாற்றார்க்கும் பயன்தரும் பணியாகும்.

மூன்றாவதாக, நாட்காட்டியும் பாட்டும் எழுத்தறியாதவரையும் இக்கோட்பாட்டின் உரிமையாளராக்கின. நிசேயாவில் கூடியோர் கிரேக்கச் சொற்களை நிறுத்து ஆய்ந்து வகுத்ததை, தரங்கம்பாடியின் உபதேசியும் நெய்யாற்றங்கரையின் உழவனும் தத்தம் மொழியின் முடிபுகளால் காத்துவந்தனர். சவேரியார் திருத்திய அந்த ஒரு சொல், வேண்டும் என்பதை விசுவசிக்கிறேன் என்றாக்கியது. வழிபாட்டு மொழியைத் திருத்தப் புகுவோர் அத்தகைய திருத்தத்தின் கூர்மையையும், அதனை ஏற்று வாயிற் பழக்கவேண்டிய மக்களின் பொறுமையையும் ஒருங்கே கருதுதல் வேண்டும்.